ஊரார் பிள்ளையிடம் பட்ட கடன்

பட்டப்படிப்பை முடித்த ஒருவர் பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால், இன்றைய விதிப்படி, இரண்டாண்டு பி.எட். படிப்புக்கிடையே 20 வாரங்களைப் பள்ளிக்கூடத்தில் கழித்தாக வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014-ல் வகுத்த அவ்விதி, கல்லூரி வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை இருந்தால் போதும் என்று சற்றே இரங்கினாலும், பள்ளியில் இருக்க வேண்டிய நாட்களுக்கு 90 சதவீதம் என்று கண்டிப்பாக நிற்கிறது. இருபது வாரம் போதுமா, முன்னிருந்த ஓராண்டுப் படிப்பே போதாதா, இத்தனை ரெக்கார்டு நோட்டுகளும் படம் ஒட்டிய அட்டைகளும் யாருக்குப் பிரயோஜனம் என்றெல்லாம் விவாதிப்பவர்கள் உண்டு. அவ்விவாதங்களில் எனக்கு அதிகச் சிரத்தை இல்லை. என் மனத்தை உறுத்துவது நிர்வாகத்தைச் சேராத, தர்மத்தைச் சேர்ந்த ஒரு கேள்வி. இன்னும் ஆசிரியர் ஆகாத ஒருவர், தம்மை அழைக்காத, அழைக்காவிட்டாலும் மறுக்க இயலாத நாற்பது குழந்தைகளின் முன்னே, தாம் கற்றுக்கொள்வதற்காகப் போய் நிற்பது எந்த அதிகாரத்தால்?

இப்படிக் கேட்டவுடனே, தொடங்காமல் ஒருவர் தேர்ச்சி பெறுவது எங்ஙனம் என்ற பதில் தயாராக வரும். நியாயமான பதில்தான்; ஆயினும் அது தேர்ச்சி பெறுகிறவரின் தேவையைச் சொல்லுகிறதேயொழிய, அத்தேர்ச்சிக்குக் களமாகிறவரின் உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மருத்துவம் பயில்பவர், உயிருள்ள மேனியைத் தொடுவதற்கு முன்பு, உயிர் நீங்கிய உடலைக் கையாண்டு பழகுகிறார். அவ்வுடலுக்கு உரியவருக்கு அதனால் நோவும் இல்லை, நஷ்டமும் இல்லை. உபாத்தியாயத் தொழிலுக்கு அப்படி ஓர் உயிரற்ற வகுப்பு கிடைப்பதில்லை. (சில கல்லூரி விரிவுரை மண்டபங்களைப் பிற்பகலில் பார்த்தவர்கள் இதை மறுக்கக்கூடும், அது கிடக்கட்டும்.) பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்பதை முதன்முதலாகக் கேட்கும் குழந்தைக்கு அந்த முதல் தரம் ஒரே தரம்தான் வாய்க்கிறது. அன்றைக்கு அது குழம்பிப்போனால், அடுத்த ஆண்டில் எத்தனை சிறந்த ஆசிரியர் வந்தாலும், அவர் எழுதுவது துடைத்த பலகையின் மேல் அன்று, துடைத்தும் போகாத கிறுக்கலின் மேல்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இக்கேள்வி யாரையும் வருத்தியதாகத் தோன்றவில்லை. அண்ணாவியார் ஒருவர், பிள்ளைகள் பலர். ஆகவே வயதில் மூத்தவனாகவும் பாடத்தில் கெட்டிக்காரனாகவும் இருந்தவன் சட்டாம்பிள்ளையாகி, மணலில் எழுத்துப் பழகும் சிறுவரின் விரலைப் பிடித்து நடத்தினான். எண்சுவடியை முறைவைத்துச் சொல்லச் செய்தான். அண்ணாவியாரை விடக் கடுமையாக அடிக்கவும் செய்தான். 1789-ல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்த விரும்பியபோது, சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியர்கள் அதற்கு இசைந்துவரவில்லை. உடனே அவர் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், காரியம் நடந்தது. 1797-ல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வாயிலாக, இது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து முழுவதும் பரவியது. அதே இங்கிலாந்தில் 1846-ல் 13 வயதுப் பிள்ளைகளை ஐந்தாண்டுக் காலம் தலைமை ஆசிரியரிடம் அமர்த்தித் தொழில் பழக்கும் ஏற்பாடு தோன்றியதும், சென்னையில் 1856-ல் தொடங்கிய நார்மல் ஸ்கூல் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்ததும் சரித்திரம்.

இவற்றுள் திண்ணைப் பள்ளியின் ஏற்பாட்டில் ஒரு நுட்பத்தை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள விரும்புகிறேன். சட்டாம்பிள்ளை பகலெல்லாம் என்னதான் சொல்லிக்கொடுத்தாலும், பொழுது சாயும் வேளையில் முறை ஒப்பிக்கும்போது காது கொடுத்துக் கேட்டவர் அண்ணாவியார். சட்டாம்பிள்ளையின் பிழை அன்றைக்கே அவர் செவியில் விழுந்தது, திருத்தப்பட்டதும் அன்றைக்கே. கற்பிக்கும் வேலை இறங்கி வந்ததே தவிர, கற்பித்தலின் பொறுப்பு அவர் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கற்பிப்பது என்பது கற்று முடித்தபின் வரும் காரியம் என்றுதான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியார் அப்படி நினைக்கவில்லை. ஆசிரியர் சொன்னதை ஒருவன் பழுதில்லாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே என்றும், உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு தான் பிறருக்கு விளங்க எடுத்துரைப்பதனாலேதான் வரும் என்றும் நன்னூலின் பாயிரத்தில் அவர் கணக்கு வகுத்திருக்கிறார். இது வெறும் உபசாரமான கணக்கன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ. வே. சாமிநாதையர், 1876-ல் ஆசிரியர் மறைந்தபின், திருவாவடுதுறை மடத்தில் தம்மினும் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்து, 1880-ல் கும்பகோணம் கல்லூரிக்குள் நுழைந்தபோது, அவர் கையில் பயிற்சிச் சான்றிதழ் ஏதும் இல்லை. ஆனால் அந்த அரைப்பங்கு இருந்தது. தைத்திரீய உபநிஷதமும் சத்தியம், தவம், அடக்கம் முதலிய ஒவ்வொன்றோடும் ஓதுதலையும் ஓதுவித்தலையும் சேர்த்தே சொல்லிவந்து, ஓதுதலும் ஓதுவித்தலுமே போதும், அவையே தவம் என்ற நாக மௌத்கல்யரின் கட்சியையும் பதிவு செய்து வைத்திருக்கிறது.

இக்கூற்றை ஒப்புக்கொண்டால் நம் சங்கடம் குறைவதில்லை, முற்றுகிறது. கற்பித்தலே கல்வியின் செம்பாதி என்றால், கற்பிக்காதவர் எவரும் அரைக் கல்வியர். அரைக் கல்வியரைக் கற்பிக்க விடலாகாது என்றால், முழுக் கல்வியர் ஒருவரும் உலகில் தோன்ற வழியில்லை. ஆகவே ஒவ்வோர் ஆசிரியரும், அவர் எத்தனை பெரியவரானாலும், ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு கூட்டத்துப் பிள்ளைகளின் எதிரே, தகுதி நிரம்பாதவராக நின்றே இருக்க வேண்டும். இதில் விதிவிலக்குக் கிடையாது.

சமய உலகம் இந்தச் சிக்கலை வேறொரு வழியில் அவிழ்த்தது. சைவ மரபில் சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று படிப்படியாகச் சென்றவருக்கும், பிறருக்குத் தீட்சை செய்யும் அதிகாரம் தானாக வருவதில்லை. ஆசாரியாபிஷேகம் என்ற தனிக் கிரியையின் மூலம், முன்னமே ஆசாரியராக இருப்பவர் அதை வழங்க வேண்டும். அங்கே ஒத்திகை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு சிஷ்யனிடம் சற்றே அரைகுறையாகத் தீட்சை செய்து பார்த்து, அடுத்த சிஷ்யனிடம் சரிப்படுத்திக்கொள்ளலாம் என்று எந்த ஆகமமும் சொல்லாது. அதிகாரம் பயிற்சியிலிருந்து பிறப்பதாக அங்கே கொள்ளப்படவில்லை. பரம்பரையிலிருந்து இறங்குவதாகக் கொள்ளப்பட்டது. ஆனால் அம்மரபே தன் விதிக்குள் அடங்காத ஒரு நிகழ்ச்சியையும் பெருமையோடு போற்றிவருகிறது. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற குலகுரு, திருவெண்ணெய்நல்லூரில் பாலகராக இருந்து சீடர்க்கு உபதேசித்துக்கொண்டிருந்த மெய்கண்டாரிடம் சென்று, ஆணவ மலத்தின் சொரூபம் யாது என்று வினவ, மெய்கண்டார் விடை கூறாமல் அவரை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்த மாத்திரத்தில், அப்பார்வையே விடையென்று உணர்ந்து, அவர் அந்தப் பிள்ளையின் அடியில் விழுந்து அருணந்தி சிவாசாரியார் ஆனார் என்பது வரலாறு. சான்றுகள் எல்லாம் நின்றவரிடம் இருந்தன. ஆசிரியத்துவம் அமர்ந்திருந்தவரிடம் இருந்தது.

வைஷ்ணவர்கள் போற்றும் வரலாறு இன்னும் பொருத்தமானது. இராமாநுசர் மந்திரார்த்தத்தைப் பெறத் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார். பெற்றபின், வெளியிட்டால் நரகம் என்ற ஆணையையும் மீறி, தமக்கு நேரும் கேடு தம்மோடு போகட்டும் என்று துணிந்து, கூடி நின்ற அனைவர்க்கும் அதை உரக்கச் சொன்னார். கேட்டவர்களுக்கு அதனால் நஷ்டம் ஏதுமில்லை. அபாயம் முழுவதும் சொன்னவரைச் சேர்ந்தது. நம் பயிற்சி வகுப்பில் இந்த உறவு தலைகீழாகிவிடுகிறது. சொல்லுகிறவருக்கு வரும் கேடு, மதிப்பெண் இரண்டொன்று குறைவது. கேட்கிறவர்களுக்கு வரும் கேட்டை எந்தப் பதிவேடும் வாங்கிக்கொள்வதில்லை. குருகுலத்தில் மாடு மேய்த்ததும், ஆண்டுக் கணக்கில் அக்கினியை ஓம்பிக் காத்திருந்ததும், வழி நடந்ததும், எல்லாத் துன்பமும் கற்கிறவர் மேலேயே விழுந்தன. மூன்றாமவர் ஒருவர் அதற்கு விலை கொடுக்கவில்லை.

இந்த மூன்றாமவரைக் காப்பாற்றத்தான் போலும், 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு திறன், சில நிமிஷப் பாடம், சிறிய கூட்டம். கற்பித்து, விமர்சனம் கேட்டு, திருத்தி மீண்டும் கற்பிக்க வேண்டும். நம் கல்லூரிகளில் அந்தச் சிறிய கூட்டமாக உட்காருகிறவர்கள் உடன் பயிலும் பி.எட். மாணவர்களே. தாவரங்கள் உணவு தயாரிப்பது எதனால் என்று ஒரு தாவரவியல் பட்டதாரி கேட்க, மற்றொரு தாவரவியல் பட்டதாரி எட்டாம் வகுப்புப் பிள்ளையாகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, சிறிது நேரம் விழித்து, பிறகு சூரிய ஒளியினால் டீச்சர் என்று மழலை கலந்து விடையளிக்கும் காட்சியைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். நான் இதைப் பரிகசிக்க வரவில்லை. கேள்வி கேட்கும் விதமும், கரும்பலகையில் எழுதும் ஒழுங்கும், குரலின் ஏற்ற இறக்கமும் அங்கே பழகக் கூடியவைதாம். ஆனால் அறியாமையை நடிக்க முடியாது. தெரிந்தவர் தெரியாதவராகப் பாவிக்கும்போது, அவர் தம் மறதியைத்தான் நடிக்கிறார். உண்மையான அறியாமைக்கு இருக்கிற எதிர்பாராத பாதைகள் அந்த நடிப்பில் தோன்றுவதில்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று சொல்லும் குழந்தை, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்தத் தர்க்கத்தை அக்குழந்தைக்கு முன் நின்றுதான் சந்திக்க முடியும். உபாத்தியாயர் கற்க வேண்டியதும் பெரும்பாலும் அதுவே. ஆக, குழந்தையைத் தவிர்த்துவிட்டு ஆசிரியரை உண்டாக்கும் வழி அடைபட்டிருக்கிறது.

இனி அந்த வகுப்புக்குள்ளேயே போவோம். பாடக்குறிப்பில் நோக்கங்கள் முறைப்படி எழுதப்பட்டிருக்கின்றன; வண்ணத் தாளில் வரைந்த படம் ஆணியில் தொங்குகிறது; பயிற்சி ஆசிரியை சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, ஊக்குவித்தல் என்ற தலைப்பின்கீழ் எழுதி வைத்த முதல் கேள்வியைக் கேட்கிறார். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். இவர் 'ட்ரெயினிங் டீச்சர்' என்பதும், பின் பெஞ்சியில் உட்கார்ந்து குறிப்பெழுதுகிறவர் இவருக்கு மார்க் போடுகிறவர் என்பதும், சில வாரங்களில் இவர் போய்விடுவார் என்பதும் அவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. சில வகுப்புகளில் அந்த அறிவு குறும்பாக வெளிப்படும்; அதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியம் எதுவென்றால், பல வகுப்புகளில் அது தாட்சிணியமாக வெளிப்படுவதுதான். கல்லூரிப் பேராசிரியர் பார்வைக்கு வந்த நாளில், விடை தெரிந்தவன் மட்டுமின்றித் தெரியாதவனும் கையைத் தூக்குகிறான். டீச்சர் பலகையில் எழுத்தை விட்டுவிட்டால், முன் வரிசைப் பெண் அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொல்லுகிறாள். நேற்றே நடத்திய பாடத்தை இன்று புதிதாகக் கேட்பதுபோல் வகுப்பே சேர்ந்து பாவனை செய்கிறது. பட்டதாரிகளால் நடிக்க முடியாத அறியாமையை இவர்கள் நடித்துக் கொடுக்கிறார்கள்.

இதைக் கண்டு, குழந்தைகள் தாங்களே சம்மதித்துவிட்டார்கள், அதிகாரம் அங்கிருந்து வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். எனக்கும் சில காலம் அந்தச் சமாதானம் பிடித்திருந்தது. ஆனால் அது நில்லாது. தாட்சிணியம் காட்டும் குழந்தை தான் இழப்பது இன்னதென்று அறிந்து காட்டவில்லை. அறியாதவரின் தானத்தைத் தானமென்று ஏற்பது தர்ம சாஸ்திரம் படித்த எவருக்கும் கூச்சத்தைத் தரவேண்டிய காரியம். மேலும் கையைத் தூக்கும் பிள்ளையைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, எப்போதுமே கையைத் தூக்காத பிள்ளை ஒன்று சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறது. அனுபவம் மிக்க ஆசிரியரின் கண்ணே அப்பிள்ளையை அரிதாகத்தான் எட்டுகிறது. தன் பாடக்குறிப்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் புதியவரின் கண் எட்டவே எட்டாது. பயிற்சியின் விலையை மிகுதியாகக் கொடுப்பது அதுதான்.

மனிதரை எக்காலத்தும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று ஜெர்மானிய ஞானி இமானுவேல் காண்ட் வகுத்த நியமத்தை இங்கே பொருத்திப் பார்ப்பவர்கள், பயிற்சி வகுப்பு முழுவதையும் அதர்மம் என்று தள்ளிவிடக்கூடும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வெறும், மட்டும் என்ற இரண்டிலும்தான் அந்நியமத்தின் உயிர் இருக்கிறது. குழந்தை ஒருவருடைய தேர்ச்சிக்குக் கருவியாகும் அதே நேரத்தில், அக்குழந்தையின் கல்வியையே நோக்கமாகக் கொண்ட இன்னொருவர் அங்கே இருந்தால், அது வெறும் கருவி அன்று. அந்த இன்னொருவர் வழிகாட்டி ஆசிரியர். அவர் வகுப்பில் இருப்பது நிர்வாக வசதிக்காக என்று எண்ணுகிறோம்; உண்மையில் அந்த வகுப்பு தர்மமாவதும் அதர்மமாவதும் அவர் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்தது. நடைமுறையிலோ, பி.எட். மாணவர் வந்துவிட்டால் தமக்கு ஓய்வு கிடைத்ததென்று ஆசிரியர் ஓய்வறைக்குப் போவதும், காலியான பணியிடத்தின் வகுப்புகளையெல்லாம் பயிற்சிக்கு வந்தவர் தலையில் கட்டித் தலைமை ஆசிரியர் காலத்தை ஓட்டுவதும் அபூர்வமல்ல. பயிற்சி மாணவர் எத்தனை நாள் வந்தார் என்று சதவீதம் போட்டுப் பார்க்கிறோம். வழிகாட்டி எத்தனை வகுப்பில் அமர்ந்திருந்தார் என்பதை எந்தப் பட்டச் சான்றிதழும் சொல்லுவதில்லை. பிறகு வரும் ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகளும் தாளில் இருக்கின்றன. குழந்தை எங்கும் இல்லை.

வழிகாட்டி இருந்தாலும்கூட முழுக் கணக்கும் தீர்ந்துவிடாது, பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியைக் கடன் என்று கொள்வதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று வைதிக மரபு சொல்லும். தேவர் கடன் வேள்வியாலும், பிதிரர் கடன் புத்திரராலும், ரிஷிகளின் கடன் கல்வியாலும் தீரும். இவற்றுள் ரிஷி கடனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வேள்வியில் இட்ட அவி தேவருக்கே போய்ச் சேருகிறது. ரிஷிக்கோ நாம் திருப்பித் தர ஏதுமில்லை, அவர் கேட்பதும் இல்லை. அவரிடம் பெற்றதை அவர் காணாத ஒருவனுக்குக் கொடுத்தால் அவர் கணக்கில் வரவாகிறது. இதுவரை நாம் இதை மேலிருந்து கீழே வரும் கடனாகவே அறிந்திருக்கிறோம். பயிற்சி வகுப்பில் நின்ற ஒவ்வொருவரும் அதே இயல்புடைய மற்றொரு கடனைக் கீழிருந்து படுகிறார். முதல் வாரத்தில் குழம்பிய பின்னப் பாடத்துக்கு உரிய பிள்ளைகளை அவர் மறுபடி சந்திக்கப்போவதில்லை; அவர்கள் கொடுத்த மணி நேரத்தால் விளைந்த திறமை, பத்தாண்டு கழித்து, வேறோர் ஊரில், வேறு பிள்ளைகளுக்குத்தான் பயன்படப்போகிறது. கொடுத்தவர் ஒருவர், பெறுகிறவர் வேறொருவர். நடுவில் ஒருவருக்குச் சம்பளமும் கிடைக்கிறது.

இவ்வகைக் கடனை வட்டியோடு தீர்த்தேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் அசலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அது அண்ணாவியார் பொழுது சாயும்போது செய்ததுதான். புதியவர் நடத்திப் பழுதாய்ப்போன பாடத்தை, மறுநாளே, அதே பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஆசிரியர் மீண்டும் நடத்த வேண்டும். நடத்தும்போது புதியவர் பின் பெஞ்சியில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் அவமானம் உண்டு. பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். தம்மிடம் குழம்பிய குழந்தை இன்னொருவரிடம் தெளிவதைக் காண்பது, உபதேசம் எதனாலும் வராத ஓர் அறிவை அவருக்குக் கொடுக்கும். அதைக் காட்டிலும் முக்கியமாக, அந்தக் குழந்தைகளுக்குச் சேர வேண்டியது அந்தக் குழந்தைகளுக்கே சேர்ந்துவிடும். இதற்கு மிஞ்சிப்போனால் நாற்பது நிமிஷம் ஆகும். இருபது வாரத்தில் அதற்கு இடமில்லை என்று பாடத்திட்டம் வகுப்பவர்கள் சொல்வார்களேயானால், படம் ஒட்டும் அட்டைகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.